ஓரக்குறிப்புகளை அழிக்காதீர்கள்

எங்கள் திருமண்டலத்தின் ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல் வகுப்புப் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் சேகரத்துக்கும் வந்தது. பிள்ளைகளைத் திருவிருந்தில் சேரத் தயார்செய்யும் திடப்படுத்தல் வகுப்பில் நான்கு வாரம் நடந்துவந்த "வேதாகமம் நம் கைக்கு வந்த வழி" என்ற பாடம் இனி கிடையாது. அந்த நான்கு வாரமும் மனப்பாட வசனத்துக்குப் போகிறது. பிள்ளைகளிடம் இருக்கும் பழைய ஜெராக்ஸ் தாள்களைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். வகுப்பில் இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கக் கூடாது. இத்தனைக்கும் காரணம் ஒரே வரி: "இளம் உள்ளங்களில் குழப்பம் ஏற்படாதிருக்க."

அந்த வகுப்பை 22 வருஷம் எடுத்தவள் நான். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சுற்றறிக்கை வந்ததும் குழுவில் பேச நேரம் கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. அதனால்தான் இப்போது எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலயத்துப் பையன் ஒருவன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கப் போனான். வேறொரு சேகரத்தில் திடப்படுத்தல் பெற்றுவிட்டு எங்கள் ஊருக்கு வந்த குடும்பம் அவனுடையது. அவன் இந்தப் பாடத்தைக் கேட்டதே இல்லை. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். அறைத்தோழன் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான். "டீச்சர், எந்தெந்தப் புத்தகம் பைபிள்ல இருக்கணும்னு கான்ஸ்டன்டைன் ராஜா ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாராமே, உண்மையா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லி, நடந்தது என்ன என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கேட்ட இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. "இதெல்லாம் தெரிஞ்சவங்க நம்ம சபையில இருந்தும் எங்களுக்கு ஏன் டீச்சர் சொல்லல?"

அவன் குழம்பியது வீடியோவால் இல்லை. நாம் சொல்லாமல் விட்டதால் குழம்பினான். உங்கள் சுற்றறிக்கை அந்தப் பையனைப் போல இன்னும் பலரை உருவாக்கப் போகிறது.

அந்த நான்கு வாரத்தில் நான் என்ன செய்தேன் என்று குழுவில் யாரும் வந்து பார்த்ததில்லை. அதனால் சொல்கிறேன்.

முதல் வாரம் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஏசாயா 40-ஆம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்களை எழுதச் சொல்வேன். முதல் பிள்ளை வேதாகமத்தைப் பார்த்து எழுதும். இரண்டாவது பிள்ளை, முதல் பிள்ளை எழுதியதைப் பார்த்து எழுதும். மூன்றாவது, இரண்டாவதைப் பார்த்து. ஐந்தாவது கை எழுதி முடித்த பிறகு அதை மூலத்தோடு ஒப்பிடுவோம். எங்கே எழுத்து மாறியது, எங்கே சொல் விழுந்தது, எங்கே ஒருவர் அழகாக இருக்கட்டும் என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார், எல்லாவற்றையும் பிள்ளைகளே சிவப்பு மையில் குறிப்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண்பிள்ளை எழுதிய தாளில் ஒரு துண்டு காணவில்லை. "புல் உலர்ந்து, பூ உதிரும், ஜனமே புல்" என்பது ஏழாம் வசனம். எட்டாம் வசனமும் "புல் உலர்ந்து பூ உதிரும்" என்றுதான் தொடங்குகிறது. அவள் முதல் "பூ உதிரும்" வரை எழுதிவிட்டு நிமிர்ந்திருக்கிறாள். திரும்பக் குனிந்தபோது கண் இரண்டாவது "பூ உதிரும்" மேல் விழுந்துவிட்டது. நேராக "நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்" என்று போய்விட்டாள். "ஜனமே புல்" விழுந்துபோனது. அவளுக்கு முகம் வாடிவிட்டது.

அப்போது நான் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினேன். சவக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் கிடைத்த ஏசாயா சுருளின் படம். 1947 வாக்கில் ஆடு மேய்க்கும் பெதூயின் இளைஞர்கள் கண்ணில் பட்ட முதல் சுருள்களில் அதுவும் ஒன்று. பதினேழு தோல்களைத் தைத்துச் சேர்த்தது, ஏழு மீட்டருக்கும் அதிக நீளம், இயேசு பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தியது. அந்தச் சுருளில், அதே ஏசாயா 40-இல், அதே இடத்தில், அதே போல ஒரு துண்டு இல்லை. பிறகு வேறொரு கை அந்தச் சொற்களை வரிக்கு மேலேயும், இடம் போதாமல் ஓரத்தில் இறக்கியும் எழுதியிருக்கிறது. எழுதியவரின் கண் முதல் "உதிரும்"-இலிருந்து இரண்டாவதுக்குத் தாவிவிட்டது என்றே பலரும் கருதுகிறார்கள்.

தேவனுடைய வசனம் என்றென்றைக்கும் நிற்கும் என்று சொல்லுகிற இடத்திலேயே ஒரு மனிதனின் கண் தவறியிருக்கிறது. இன்னொரு மனிதன் அதைப் பார்த்து ஓரத்தில் எழுதியிருக்கிறான். வசனம் நின்ற விதம் இதுதான். அந்தப் பிள்ளையின் முகம் அன்றைக்கு எப்படி மலர்ந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவள் இப்போது ஒரு கல்லூரியில் பணிபுரிகிறாள், ஞாயிறு பள்ளியும் எடுக்கிறாள். சந்தேகம் வந்து சபையை விட்டுப் போய்விடவில்லை.

இதைத்தான் நீங்கள் குழப்பம் என்கிறீர்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. ஓலைச்சுவடியிலிருந்து பெயர்த்தெழுதிய எந்தப் பழம்பாடலை எடுத்தாலும் கீழே பாடபேதம், அதாவது ஏட்டுக்கு ஏடு மாறும் சொல், இருக்கும். உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளைச் சேர்த்துவைத்து ஒப்பிட்டுப் பதிப்பித்தார். பாடபேதம் இருக்கிறது என்பதற்காகப் புறநானூற்றை யாரும் தள்ளிவைக்கவில்லை. எந்தச் சுவடி என்ன சொல்கிறது என்று வெளிப்படையாகப் போட்ட பதிப்பைத்தான் நாம் நம்பகமானது என்கிறோம்.

இரண்டாம் வாரம் வேதாகமமே தன்னைப் பற்றிச் சொல்லுகிறதை வாசிப்போம். எரேமியா 36-ஐ உங்களில் எத்தனை பேர் சமீபத்தில் வாசித்தீர்கள்? எரேமியா சொல்லச் சொல்ல பாருக் எழுதுகிறான். பிரபுக்கள் அந்தச் சுருளைக் கேட்டுத் திடுக்கிட்டு, இதையெல்லாம் எரேமியாவின் வாயிலிருந்து எப்படி எழுதினாய் என்று பாருக்கிடமே கேட்கிறார்கள். எங்கள் பையன் இரவு பதினொரு மணிக்குக் கேட்ட அதே கேள்வி. பாருக் மழுப்பவில்லை. அவர் சொன்னார், நான் மையினால் எழுதினேன் என்கிறான். கேட்டவர்களை, இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அதட்டவும் இல்லை.

அப்புறம் யோயாக்கீம் ராஜா குளிர்காலத்து மாளிகையில் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, மூன்று நான்கு பத்தி வாசிக்க வாசிக்கச் சுருளைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். எரேமியா வேறொரு சுருளைப் பாருக்கிடம் கொடுக்கிறார். பாருக் எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறான். அந்த அதிகாரத்தின் கடைசி வசனம், அவைகளுக்கு ஒத்த அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன என்று முடிகிறது. ஆக, எரேமியா புத்தகத்துக்கு ஒரு முதல் பிரதியும், நீண்ட இரண்டாம் பிரதியும் இருந்தன என்று எரேமியா புத்தகமே சொல்லுகிறது. பழைய ஏற்பாட்டின் பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இன்றைக்கு இருக்கும் எரேமியா, எபிரெய எரேமியாவைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது, அதிகார வரிசையும் வேறு. இது மொழிபெயர்ப்பாளர் செய்த குளறுபடி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். கும்ரானில் எபிரெயத்திலேயே நீண்ட வடிவமும் குறுகிய வடிவமும் கிடைத்தன. 36-ஆம் அதிகாரத்தை நன்றாக வாசித்த பிள்ளைக்கு இதில் அதிர்ச்சி எங்கிருந்து வரும்?

இன்னும் இரண்டு இடங்கள். ரோமர் 16:22-இல், இந்த நிருபத்தை எழுதின தெர்தியு என்று ஒருவர் இடையில் வந்து வாழ்த்துச் சொல்லுகிறார். பவுல் சொல்ல, எழுதியது அவர் கை. இரண்டாம் தீமோத்தேயு 4:13-இல், மேலங்கியையும் புஸ்தகங்களையும் விசேஷமாய்த் தோற்சுருள்களையும் கொண்டுவா என்று கேட்டிருக்கிறது. குளிருக்கு அங்கி, வாசிக்கச் சுருள். இந்த வசனத்தை வாசித்ததும் ஒரு பையன், "பவுலுக்கும் புக்கை மறந்துட்டு வர்ற பழக்கம் இருந்துச்சா டீச்சர்" என்றான். அந்த நிமிஷம் பவுல் அவனுக்கு ஒரு மனிதராகத் தெரிந்தார். அதற்கு மேல் ஓர் ஆசிரியைக்கு என்ன வேண்டும்?

யோசியா ராஜா காலத்தில் ஆலயத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்தபோது, அதைப் பற்றி விசாரிக்க ராஜா ஆள் அனுப்பியது உல்தாள் என்ற தீர்க்கதரிசியிடம். ஒரு புஸ்தகத்தின் வார்த்தை கர்த்தருடையது என்று உறுதி சொன்னவர் ஒரு பெண். பெண்பிள்ளைகள் இதை ஆலயத்தில் கேட்டதே இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிவில் ஐயர் கையை உயர்த்திச் சொல்லும் ஆரோனின் ஆசீர்வாதத்தைப் பற்றியும் சொல்வேன். 1979-இல் எருசலேமில் கெதேப் இன்னோம் என்ற இடத்துக் கல்லறைக் குகையில், கேப்ரியல் பார்க்காய் என்ற தொல்லியலாளரின் குழு இரண்டு சின்ன வெள்ளித் தகடுகளைக் கண்டெடுத்தது. சிகரெட்டைவிடச் சின்னதாகச் சுருட்டி, கழுத்தில் கட்டிக்கொள்ளும் தாயத்து போல இருந்தவை. பிரித்துப் பார்த்தால் உள்ளே, கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர். ஏறத்தாழ 2600 வருஷத்துக்கு முந்தியவை. இதைச் சொன்ன அடுத்த ஞாயிறு அந்த ஆசீர்வாதத்தின்போது வகுப்புப் பிள்ளைகள் செருப்பைத் தேடாமல் நிமிர்ந்து நின்றார்கள்.

மூன்றாம் வாரம் மசோரெத்துகள். கலிலேயாக் கடலோரத் திபேரியாவில் தலைமுறை தலைமுறையாக எபிரெய வேதத்தைக் காத்த அறிஞர்கள். மெய்யெழுத்து மட்டுமே இருந்த பாடத்துக்கு உயிர்க்குறியும் இசைக்குறியும் இட்டவர்கள். அந்த மரபில் பென் ஆசேர் குடும்பம் பேர்பெற்றது. இன்று அறிஞர்கள் பயன்படுத்தும் எபிரெய வேதாகமத்துக்கு அடிப்படை, 1008-ஐ ஒட்டி எழுதி முடித்து இப்போது ரஷ்யாவில் இருக்கும் கையெழுத்துப் பிரதி. அதற்கும் மூத்த அலெப்போ பிரதி 1947 கலவரத்தில் பாதிக்கப்பட்டது. மோசேயின் ஐந்து புத்தகங்களில் பெரும்பகுதி அதில் இன்று இல்லை.

இந்த மசோரெத்துகள் செய்த காரியத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரு சொல் தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று அவர்களுக்கே தெரிகிறது. வாசிக்கும்போது வேறு சொல்லைத்தான் வாசிக்கிறார்கள். ஆனாலும் உள்ளே கைவைக்க மாட்டார்கள். எழுதியிருப்பது எழுதியிருக்கிறபடியே இருக்கும். வாசிக்க வேண்டியதை ஓரத்தில் குறிப்பார்கள். ஆதியாகமம் 33:4-இல் ஏசா யாக்கோபை முத்தஞ்செய்தான் என்ற சொல்லின் மேல் எபிரெயத்தில் புள்ளிகள் இருக்கின்றன. யாரோ ஒரு பழைய எழுத்தர் எதையோ யோசித்து வைத்த புள்ளிகள். காரணம் என்ன என்று ரபிகள் விவாதித்துக்கொண்டே இருந்தார்கள், ஆனால் புள்ளிகளை யாரும் எடுக்கவில்லை. அடுத்த கையும் புள்ளியோடு எழுதியது, அதற்கடுத்த கையும். இன்று அச்சிட்ட எபிரெய வேதத்திலும் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன.

கிறிஸ்தவர்கள் பக்கமும் அப்படித்தான். வத்திக்கான் நூலகத்தில் நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கப் பிரதி ஒன்று இருக்கிறது. எபிரெயர் 1:3-இல், சகலத்தையும் "தாங்குகிறவர்" என்று இருக்க வேண்டிய இடத்தில் முதலில் எழுதியவர் "வெளிப்படுத்துகிறவர்" என்று எழுதிவிட்டார். பின்னால் ஒருவர் அதைத் திருத்தினார். வெகுகாலத்துக்குப் பிறகு வந்த இன்னொருவர் திருத்தத்தை அழித்துப் பழையதையே மறுபடி எழுதி ஓரத்தில் திட்டினார்: முட்டாளே, கெட்டவனே, பழைய பாடத்தை விட்டுவிடு, மாற்றாதே! அந்தச் சொல்லைப் பொறுத்தவரை திட்டியவர் சொன்னது சரியில்லை, திருத்தியவர்தான் சரி என்பதே பொதுவான கருத்து. ஆனால் திட்டியதும் அந்த ஓரத்தில் இருக்கிறது, திருத்தியதும் தெரிகிறது. பதினாறு நூற்றாண்டு கழித்து நாம் மூன்று பேரின் கையையும் பார்த்து முடிவு செய்ய முடிகிறது.

நமக்கு வேதத்தைக் காத்துக் கொடுத்தவர்கள் யாரும் ஓரத்தை வெட்டி எறியவில்லை. நீங்கள்தான் வெட்டச் சொல்லுகிறீர்கள்.

சரி, நான்காம் வாரத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். நீங்கள் அனுப்பியிருக்கும் புதிய கையேட்டில் ஒரு பக்கம் மட்டும் வேதாகமத்தின் வரலாறு. அதில், "கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் 66 புத்தகங்களையும் தீர்மானித்தது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த அறைத்தோழன் காட்டிய வீடியோவில் இருந்த அதே பொய், நம் திருமண்டலத்தின் முத்திரையோடு பிள்ளைகளின் கைக்குப் போகப்போகிறது.

நிசேயா சங்கம், குமாரன் படைக்கப்பட்டவர் என்று சொன்ன ஆரியு என்ற குருவின் போதனையைப் பற்றி விவாதித்தது. உயிர்த்தெழுதல் பண்டிகை எந்த நாளில் என்று பேசியது. நாம் திருவிருந்து ஆராதனையில் சொல்லும் விசுவாசப்பிரமாணத்தின் அடிப்படை அங்கே உருவானது. அந்தச் சங்கத்தின் இருபது சட்டங்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட வேதாகமத்தின் புத்தகப் பட்டியலைப் பற்றியது அல்ல. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் பிற்பாடு, தன் புதிய தலைநகரத்து ஆலயங்களுக்காக ஐம்பது வேதாகமப் பிரதிகளை எழுதி அனுப்பச் சொல்லி செசரியாவின் பேராயர் யூசேபியஸிடம் கேட்டது உண்மை. பிரதி கேட்பது வேறு, பட்டியல் போடுவது வேறு.

அந்த யூசேபியஸ் நிசேயாவில் உட்கார்ந்திருந்தவர். தம்முடைய திருச்சபை வரலாற்றில் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்: நான்கு சுவிசேஷங்கள், அப்போஸ்தலர் நடபடிகள், பவுலின் நிருபங்கள், முதலாம் யோவான், முதலாம் பேதுரு ஆகியவற்றை எல்லாரும் ஏற்கிறார்கள், யாக்கோபு, யூதா, இரண்டாம் பேதுரு, இரண்டாம் மூன்றாம் யோவான் ஆகியவை பலருக்குத் தெரிந்தவை, ஆனால் தர்க்கத்துக்குட்பட்டவை. வெளிப்படுத்தின விசேஷத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் அவருக்கே இரண்டு மனம். ஒரு பேராயர் இதைத் தம் ஜனங்கள் வாசிக்கும் புத்தகத்தில் எழுதினார். குழப்பம் வரும் என்று மறைக்கவில்லை.

நம் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் கூடுதல் குறைவு இல்லாமல் சொல்லும் முதல் பட்டியல் நமக்குக் கிடைப்பது 367-இல். அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ், உயிர்த்தெழுதல் பண்டிகை நாளை அறிவிக்க வருஷாவருஷம் எழுதும் சுற்றுமடலில் அதைக் கொடுத்தார். அதுவும் ஒரு சுற்றறிக்கைதான். ஆனால் அதே மடலில் அவர் எஸ்தரைப் பழைய ஏற்பாட்டுப் பட்டியலில் சேர்க்கவில்லை. புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் வாசிக்கத் தகுந்தது என்று தனியே வைத்தார். கும்ரான் சுருள்களிலும் எபிரெய வேதத்தின் புத்தகங்களில் எஸ்தர் மட்டும்தான் கிடைக்கவில்லை. 66 என்ற எண்ணிக்கை 325-இல் எங்கேயும் இல்லை, 367-இலும் இல்லை. சிரியாக் மொழி வேதாகமமான பெஷித்தாவில் புதிய ஏற்பாட்டுப் புத்தகங்கள் 22. கேரளத்துச் சிரியன் சபைகளின் மூதாதையர் வாசித்தது அதைத்தான். எத்தியோப்பியச் சபை 81 என்று எண்ணுகிறது. பக்கத்துத் தெருக் கத்தோலிக்கக் குடும்பத்து வேதாகமத்தில் 73. கத்தோலிக்கச் சபை 1546-இல் திரெந்து சங்கத்தில் தன் பட்டியலை உறுதிப்படுத்தியது. லூத்தர் 1534-இல் முழு வேதாகமத்தை வெளியிட்டபோது, நம் 66-இல் சேராத, நாம் தள்ளுபடி ஆகமம் என்கிற புத்தகங்களை இரண்டு ஏற்பாடுகளுக்கு நடுவில் வைத்தார். வேதத்துக்குச் சமமல்ல, ஆனாலும் வாசிக்க நல்லவை என்றார். யூதர்கள் 24 என்று எண்ணுவது நம் பழைய ஏற்பாட்டின் 39-ஐயேதான், அவர்கள் சிலவற்றைச் சேர்த்து எண்ணுகிறார்கள்.

அப்படியானால் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தது யார்? பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது நான் ஒரு நாளைப் பற்றிச் சொல்வேன். ரோமப் பேரரசன் தியோக்கிலேத்தியன் 303-இல் வேதப் புத்தகங்களை எரிக்க ஆணையிட்டான். அந்த வருஷம் மே 19-ஆம் தேதி வட ஆப்பிரிக்காவில் கிர்த்தா என்ற ஊரில் அதிகாரிகள் சபையாரின் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே நடந்ததெல்லாம் அரசாங்கக் குறிப்பாக எழுதப்பட்டது, அது இன்றும் இருக்கிறது. முதலில் ஒரே ஒரு பெரிய புத்தகம்தான் கிடைத்தது. மற்றவை எங்கே என்றால், ஆராதனையில் வேதம் வாசிக்கும் வாசகர்களிடம் இருக்கின்றன என்றார்கள். வாசகர்கள் பேரைச் சொல்லு என்றபோது, நாங்கள் காட்டிக்கொடுக்கிறவர்கள் அல்ல, எங்களைக் கொல்லச் சொல்லுங்கள் என்றார்கள் உதவிக்குருக்கள் இருவர். பிறகு வீடு வீடாகத் தேடினார்கள். சிலர் கொடுத்தார்கள். ஓர் இலக்கண ஆசிரியர் வீட்டிலிருந்து இரண்டு புத்தகங்களும் சில தைக்காத தாள்கட்டுகளும் வந்தன. அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுவேன். நானும் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள். அந்த மனிதர் அன்றைக்கு என்ன பாடு பட்டிருப்பார்!

எந்தப் புத்தகத்துக்காகச் சாகலாம், எந்தப் புத்தகத்தை அதிகாரியிடம் கொடுத்துவிட்டாலும் மனசாட்சி உறுத்தாது என்று அந்த ஜனங்கள் யோசிக்கவேண்டி வந்தது. வேதப் புத்தகங்களின் பட்டியலைக் கேனன் என்கிறோம். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு அளவுகோல் என்று பொருள். சங்கங்கள் கூடிப் பட்டியல் போட்டது பிறகுதான், ஹிப்போவில் 393-இல், கார்த்தேஜில் 397-இல். சபைகள் அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே நான்கு சுவிசேஷங்களையும் பவுலின் நிருபங்களையும் ஆராதனையில் வாசித்து, பெயர்த்தெழுதி, ஊருக்கு ஊர் அனுப்பிக்கொண்டிருந்தன. ராஜா ஓட்டுப் போட்டு எடுத்த புத்தகத்தை இப்படி யார் ஒளித்துவைத்துக் காப்பாற்றுவார்கள்?

இனி, இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிடக் கூடாது என்ற தடையைப் பற்றி. இது எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். போன வருஷம் வகுப்பில் ஒரு பிள்ளை நம்முடைய பழைய திருப்புதலையும், இன்னொரு பிள்ளை 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் வைத்திருந்தார்கள். 1 யோவான் 5:7 வந்தது. ஒன்றில் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று இருக்கிறது. மற்றதில் அது இல்லை. வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெற்றோர் உங்களுக்குப் புகார் எழுதினார், டீச்சர் திரித்துவத்தையே சந்தேகப்பட வைக்கிறார் என்று.

நான் அன்று வகுப்பில் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். அந்த வரி பழைய கிரேக்கப் பிரதிகள் எதிலும் இல்லை. லத்தீன் மரபில் வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. 1522-இன் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து பல மொழிபெயர்ப்புகளுக்குப் போய், நம் தமிழுக்கும் வந்தது. ஆனால் நிசேயாவில் பிதாவும் குமாரனும் ஒரே தன்மை உடையவர்கள் என்று அறிக்கையிட்டவர்களின் கையில் இருந்த கிரேக்க வேதத்தில் அந்த வரி இல்லை. அது இல்லாமலேதான் அவர்கள் அந்த விசுவாசத்தை அறிக்கையிட்டார்கள். நம் விசுவாசம் அந்த ஒரு வரியின் மேல் நிற்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இதைக் கேட்ட பிறகு எந்தப் பிள்ளையும் குழம்பவில்லை. புகார் எழுதியவர் அந்த வகுப்பில் இருக்கவில்லை. என்னை அழைத்து ஒரு வார்த்தை கேட்காமல் நீங்கள் முடிவெடுத்ததுதான் எனக்கு வலிக்கிறது.

மாற்கு 16-இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் சீனாய், வத்திக்கான் என்ற மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவம் யோவானின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. இவையெல்லாம் இன்றைக்குப் பிள்ளைகள் கையிலிருக்கும் செல்பேசியில் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும். வகுப்பில் என்னிடமிருந்து கேட்டால், அந்தப் பெண்ணின் கதையைச் சபை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டது என்பதையும் சேர்த்துக் கேட்பார்கள். நள்ளிரவில் விடுதி அறையில் கேட்டால், உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்ற ஒரே வரியோடு கேட்பார்கள். அந்தக் கதையை நான் இன்றும் சொல்லிக்கொடுக்கிறேன், அடிக்குறிப்போடு.

நான் உங்களிடம் கேட்பது இவை.

நான்கு வாரப் பாடத்தை இந்த ஆண்டே திரும்பச் சேர்க்க வேண்டும். நேரம் போதாது என்றால் இரண்டு வாரமாகக் குறையுங்கள், ஒப்புக்கொள்கிறேன். எடுத்துவிடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிள்ளைகளிடமிருந்து தாள்களைத் திரும்ப வாங்கும் உத்தரவை ரத்து செய்ய வேண்டும். சில சேகரங்களில் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கையேட்டின் நிசேயா வரியைத் திருத்த வேண்டும். மறு அச்சு வரை காத்திருக்க முடியாது. ஒரு திருத்தச் சீட்டு அடித்து எல்லாச் சேகரங்களுக்கும் அனுப்புங்கள். திருத்தியிருக்கிறோம் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

வகுப்பில் பழைய திருப்புதலையும் பொது மொழிபெயர்ப்பையும் சேர்த்து வாசிக்க எழுத்துபூர்வமாக அனுமதி தர வேண்டும். ஒவ்வொரு சேகரத்துக்கும் அடிக்குறிப்புள்ள பிரதி ஒன்றாவது வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியர்களை ஒரு சனிக்கிழமை கூட்டி, புகார் எழுதிய பெற்றோரையும் அழைத்து, எல்லாருக்கும் முன்பாகப் பேச வேண்டும். நான் பிள்ளைகள் எழுதிய ஏசாயா தாள்களோடு வருகிறேன். குழுவில் இருக்கிறவர்களும் ஆளுக்கொரு தாள் எடுத்து, பக்கத்தில் இருக்கிறவர் எழுதியதைப் பார்த்து அந்த எட்டு வசனங்களை எழுதுங்கள். அதன் பிறகு பாடத்தைப் பற்றி முடிவெடுப்போம்.

எங்கள் சேகரத்தில் வகுப்பு ஜூலை முதல் ஞாயிறு தொடங்குகிறது. அதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியை